பெயர்த்தட்டில் ஒரு கறுப்புப் புள்ளி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். பேச்சும் குறைவு. ஆனால் இருபத்தெட்டு வருசம் இந்த வேலையில் இருந்தேன். அதனால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

வேலை எப்படிச் செய்வது என்று எழுதப் போவதில்லை. அது உங்கள் மேசையில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது. நான் எழுதப் போவது ஒரு சந்தேகத்தைப் பற்றி. தொண்ணூறுகளின் பிற்பாதியில் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் நடந்தது.

அப்போது நாங்கள் செய்தது பெயர்த்தட்டு. மோட்டார் பம்பு வாங்கினால் அதன் உடம்பில் ஒரு அலுமினியத் தட்டு அறைந்திருக்கும். கம்பெனி பெயர், குதிரைத் திறன், வோல்ட், வரிசை எண்ணுக்கு ஒரு காலி இடம். கோயமுத்தூரில் எத்தனை பம்பு உண்டோ அத்தனை தட்டு வேண்டும். நீங்கள் இன்று சர்க்யூட் போர்டு செய்கிறீர்கள். அடிப்படை அதுவேதான். வெளிச்சம் பட்டால் இறுகுகிற மருந்தைத் தகட்டின் மேல் பூசுகிறோம். மேலே பிலிமை வைத்து, கண்ணாடி போட்ட பிரேமில் இறுக்கி, விளக்கைப் போடுகிறோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகி ஒட்டிக்கொள்ளும். பிலிமின் கறுப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும், தண்ணீரில் போய்விடும். அந்த இடத்தை ஆசிட் தின்னும். தின்ற பள்ளத்தில் கறுப்பு பெயின்ட் நிரப்பினால் எழுத்து. அவ்வளவுதான்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு டின் மருந்தை வெளியே, வேப்ப மரத்தடியில் வைத்துத் திறந்துவிட்டேன். உள்ளே மஞ்சள் விளக்கில் லேபிள் படிக்க முடியவில்லை. படித்துவிட்டு மூடினேன். சாயந்திரம் அது மொத்தமும் தோலாக உறைந்திருந்தது. எனக்கு மேலே இருந்தவர் திட்டவில்லை. மஞ்சள் அறைக்குள் கூட்டிப்போய் நிற்கவைத்தார். இங்கே உனக்கு வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன். மருந்துக்கு இது கும்மிருட்டு, அதற்கு மஞ்சள் தெரியாது, உன் கண்ணை வைத்து அதை அளக்காதே என்றார். அந்த டின்னை என் மேசையிலேயே ஒரு வருசம் வைத்திருந்தார். அவர் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டேன். புரிந்துகொண்டது பல வருசம் கழித்துத்தான். அதுதான் இந்தக் கதை.

நான் பிரேமுக்குப் பொறுப்பானபோது எங்கள் பட்டறையில் பதினோரு பேர். பிலிம் எடுப்பவர் ஒருவர். உக்கடத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருவார். நாங்கள் பாய் என்போம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெரிய கேமராவில் பிலிம் எடுத்து, கழுவி, பிசிறு இருந்தால் பிளேடு முனையால் சுரண்டித் திருத்தித் தருவார். எல்லாக் கம்பெனிகளின் பிலிமும் ஒரு இரும்பு பீரோவில் இருக்கும். சாவி அவரிடம். ஒரு கம்பெனியின் பிலிம் யார் கைக்குப் போகிறதோ அவர் அந்தக் கம்பெனியின் பெயரில் எத்தனை தட்டு வேண்டுமானாலும் அடிக்கலாம். அதனால் அந்தச் சாவி சின்ன விசயம் இல்லை.

மாசி மாதம் ஒரு நாள் பம்பு கம்பெனியிலிருந்து கொள்முதல் அதிகாரி வந்தார். எங்கள் வேலையில் பாதி அவர்கள் கொடுப்பதுதான். அவர் கையில் ஒரே ஒரு தட்டு. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் கொண்டுவந்து கொடுத்ததாம். மோட்டார் இரண்டே மாதத்தில் கருகிவிட்டது. வாரண்டி கேட்டு வந்திருக்கிறார். தட்டில் குத்தியிருந்த எண் கம்பெனிப் புத்தகத்திலேயே இல்லை. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வேறு சரக்கு. பெயர் மட்டும் அவர்களுடையது. அந்தப் பக்கம் இன்னும் சில தோப்புகளிலும் இப்படி இருக்கிறதாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். தட்டைக் கையில் கொடுத்தார்.

நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கம்பெனி பெயரில் ஒரு எழுத்தின் வால் கொஞ்சம் குட்டை. அது பாய் பிளேடால் திருத்திய வால். எனக்கு நன்றாகத் தெரியும். ஆக, பிலிம் எங்களுடையது. அப்புறம் வோல்ட் என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில், எழுத்தே இல்லாத இடத்தில், கடுகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. மருந்து அந்த இடத்தில் இறுகாமல் போய், ஆசிட் தின்று, பெயின்ட் நிரம்பியிருக்கிறது. எங்கள் பட்டறையில் அப்படி ஒரு புள்ளி வெளியே போகாது. ஆசிட்டில் இறக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு தகட்டையும் ரீடச் மேசையில் பார்ப்போம். புள்ளி இருந்தால் தூரிகையால் சிவப்பு வார்னிஷ் தொட்டு அடைப்போம். அதற்கென்றே மூன்று பெண்கள்.

எனக்கு அந்தப் புள்ளியைப் பார்த்ததும் வந்தது ஒரு இளப்பம். ரீடச் கூடத் தெரியாத ஒரு இடத்தில் அடித்திருக்கிறார்கள் என்று.

"பிலிம் நம்முளுதுதானுங்க. ஆனா வேலை நம்முளுது இல்லீங்க" என்றேன்.

இவ்வளவுதான் சொன்னேன். அதிகாரியும் முதலாளியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிலிம் எங்களுடையது, வேலை வேறு இடத்தில் என்றால், பிலிம் வெளியே போயிருக்கிறது. சாவி ஒருவரிடம்தான் இருக்கிறது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

சனிக்கிழமைக்குள் ஆள் யார் என்று தெரிய வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம், ஆர்டரும் வராது என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

அந்த வாரத்தை நான் மறக்கவில்லை. எங்கள் பட்டறையில் அதுவரை யாரும் யாருடைய பையையும் திறந்து பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து கேட்டில் வாட்ச்மேன் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கச் சொன்னார். ரீடச் மேசையில் சாந்தி என்று ஒரு பெண் இருந்தாள். வாய் அதிகம். "புளிக்கொழம்புக்குள்ள பிலிமு போட்டா பிசுபிசுன்னு ஆயிப்போகுமுங்க, வேணும்னா கையை உட்டுப் பாத்துக்குங்க" என்று தூக்கை நீட்டினாள். வாட்ச்மேன் சிரிக்கவில்லை. அவளும் அடுத்த நாள் அப்படிப் பேசவில்லை.

பாயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் இருட்டறைக்குள் போனால் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பார்க்க ஆரம்பித்தால் நிறையத் தெரியும். அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்தது உடுமலைப்பேட்டையில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவார். அது எங்களுக்கெல்லாம் முன்பே தெரியும், அங்கிருந்து இளநீர் கொண்டுவந்து எங்களுக்கே கொடுத்திருக்கிறார். இப்போது அந்த இளநீரும் சந்தேகமாகிவிட்டது. தை மாதம் நாலு நாள் லீவு போட்டிருந்தார். எதற்கு? கேட்டில் சோதனை தொடங்குவதற்கு முந்தின வாரம் செய்தித்தாளில் எதையோ சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். சுருள் பிலிம் அகலம்தான் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

புதன்கிழமை முதலாளி என்னிடம் தனியாகக் கேட்டார். ஏதாவது கவனித்தாயா என்று. நான் அந்தச் சுருளைப் பற்றிச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. கலவரமும் குண்டுவெடிப்பும் நடந்த அந்த வருசங்களில் உக்கடத்திலிருந்து வேலைக்கு வருகிறவரை ஊர் எப்படிப் பார்த்தது என்று உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் பட்டறையில் யாரும் வாய்விட்டு அப்படிப் பேசியதில்லை. பேசாததால் இல்லை என்று ஆகாது. அந்தச் சாவி என் கையிலோ முதலாளியின் மச்சான் கையிலோ இருந்திருந்தால் நாங்கள் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்போம். இது எனக்குப் பின்னால் புரிந்தது.

புதன்கிழமை சாயந்திரம் முதலாளி பாயைக் கூப்பிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றார். பாய் ஏன் என்று கேட்டாராம். கம்பெனியில் ஒரு பிரச்சினை என்று மட்டும் முதலாளி சொன்னாராம். வெளியே வந்தார். தன் பிளேடையும் பூதக்கண்ணாடியையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். கேட்டில் வாட்ச்மேன் அதையும் பிரித்துப் பார்த்தார். பாய் பிரிக்க விட்டு நின்றார். திரும்பி எங்களைப் பார்த்தார். நான் பிரேமைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து சாந்தியின் மேசைக்குப் போனேன். அவள் சிவப்பு வார்னிஷைக் கொஞ்சமாக ஊற்றி வைத்துக்கொள்ள ஒரு பழைய தட்டு வைத்திருப்பாள். தூரிகையை அதில்தான் தொடுவாள். அன்றைக்கு அது காய்ந்துபோயிருந்தது. தின்னர் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். வார்னிஷ் சட்டென்று போயிற்று. அடியில் தட்டு பளபளவென்று வந்தது. அது வேறு ஒரு கம்பெனியின் தட்டு, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அறைவது. கழிவில் போட வேண்டிய தட்டு. அதில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது.

நான் வாங்கிப் பார்த்தேன். கடுகளவு.

முதலாளி அறையில் உடுமலைத் தட்டு மேசையிலேயே கிடந்தது. அவர் இல்லை. எடுத்து வந்தேன். இரண்டு தட்டும் ஒரே அளவு. ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்து, அளவுகோல் வைத்து அளந்தேன். இரண்டிலும் புள்ளி ஒரே இடத்தில் இருந்தது. மேலிருந்து அதே தூரம். இடதிலிருந்து அதே தூரம்.

நீங்கள் இந்த வேலைக்காரர்கள். உங்களுக்கு விளக்க வேண்டாம். ஆனாலும் எழுதுகிறேன். பிலிமில் தூசி இருந்தால் அந்தப் பிலிமோடு போகும். அந்தக் கம்பெனியின் தட்டில் மட்டும் வரும். இரண்டு கம்பெனி, இரண்டு பிலிம், ஒரே இடத்தில் புள்ளி என்றால் அது பிலிமில் இல்லை. பிரேமின் கண்ணாடியில் இருக்கிறது. பிரேம் எங்கேயும் போகாது. நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். ஆக, உடுமலைத் தட்டு எங்கள் பிரேமில், என் கையால் விளக்குப் போட்டது. வேலையும் நம்முடையதுதான்.

இரண்டு தட்டையும் மேசையில் வைத்தேன். ரீடச் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"என்னாச்சுங்க அக்கா?" என்றாள் சாந்தி.

இந்தத் தட்டு எப்போதிருந்து உன்னிடம் இருக்கிறது என்று கேட்டேன். ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்றைக்கு எடுத்தேன் என்றாள். அன்றைக்கு நான் அவளிடம் புள்ளி விழுந்ததற்காகச் சத்தம் போட்டதால் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

பிறகு எனக்கும் எல்லாம் நினைவு வந்தது. ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பார். மஞ்சளும் சந்தனமும் குழைத்தது, நடுவில் குங்குமம். பிரேம் அன்றைக்குத் திறந்து நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்தார். மூன்று நாள் லீவு. பொட்டு காய்ந்து இறுகிவிட்டது. நாலாம் நாள் காலையில் ஈரத் துணியால் நான் துடைத்தேன். போய்விட்டது என்றுதான் என் கண் சொன்னது. மஞ்சள் அறைக்குள், மஞ்சள் விளக்கில், மஞ்சள் கறை. எப்படித் தெரியும்? ஆனால் விளக்கைப் போட்டால் மருந்துக்கு அந்த மஞ்சள் கறுப்பு. வெளிச்சத்தைத் தடுத்துவிடும். வேப்ப மரத்தடி டின்னுக்காக எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே பாடம்.

அன்றைக்குக் காலையில் முதலில் பம்பு கம்பெனி வேலை, பிறகு கொஞ்சம் ஸ்டார்ட்டர் தட்டு. ஒரு தகட்டுக்கு இருபது தட்டு. அதில் ஒன்றில் புள்ளி. மருந்து நின்ற இடம் கண்ணுக்குத் தெரிய, அலசியபின் தகட்டை நீலச் சாயத்தில் முக்குவோம். அன்றைக்குத் தொட்டியில் சாயம் மெலிந்திருந்ததால் ரீடச் மேசையில் யாருக்கும் தெரியவில்லை. ஆசிட்டிலிருந்து வந்து பெயின்ட் நிரப்பியபின்தான் தெரிந்தது. நான் சாந்தியிடம் சத்தம் போட்டுவிட்டு, பிலிமையும் தட்டினேன், கண்ணாடியையும் தின்னர் விட்டுத் துடைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில். புள்ளி நின்றுவிட்டது. எது காரணம் என்று நான் தெரிந்துகொள்ளவே இல்லை. தீபாவளிக்கு முந்தின அவசரம். பிலிம் தூசி என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.

இதைக் கேளுங்கள். கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் கோளாறு போகும், காரணம் தங்கிவிடும்.

இன்னும் மோசமானது இதற்குப் பின்னால் இருக்கிறது. புள்ளி விழுந்த தட்டுகள் அன்றைக்கு ஒரு தகர டப்பா நிறைய. பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. கெட்ட தட்டைக் குறடால் இரண்டாக மடக்கித்தான் கழிவில் போட வேண்டும். மடக்கின தட்டை யாரும் எதிலும் அறைய முடியாது. மடக்குவது என் பொறுப்பு. அன்றைக்கு நான் மடக்கவில்லை. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு வார்னிஷால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். பிறகு மடக்கிக்கொள்ளலாம் என்று. சிவப்புக் குறி போட்டால் எங்களைப் பொறுத்தவரை அது செத்த தட்டு. பட்டறையில் யாரும் தொடமாட்டார்கள். அந்த வாரமே பழைய இரும்புக்காரர் வந்து கழிவை அள்ளிக்கொண்டு போனார்.

எங்களுக்குச் செத்ததுதான். தின்னர் வைத்திருக்கும் எவருக்கும் அது புதுத் தட்டு. சாந்தி சற்று முன்னால் என் கண்ணெதிரே துடைத்த மாதிரி.

திங்கட்கிழமை அந்தத் தட்டைக் கையில் வாங்கியபோது இது எனக்கு நினைவு வரவில்லை. நிஜமாகவே வரவில்லையா, வர விடவில்லையா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியாது.

அன்று சாயந்திரமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரருக்கு அப்போது மில் மூடிக் கிடந்தது. என் வேலை போனால் வீட்டில் உலை கிடையாது. அதிகாரியிடம் சொன்னால் ஆர்டர் போகும், பதினோரு பேர் வேலையும் போகும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அதுவும் சாக்குத்தான். வெள்ளிக்கிழமை முழுக்க வேலை செய்தேன். முதலாளி, நாளைக்கு அதிகாரி வருவார், பாய் பெயரை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு எழுதுபவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. போலீஸ் அவரை அன்றைக்கே கூட்டிப்போகும். அந்த வருசங்களில் அந்த முகவரிக்காரரைக் கூட்டிப்போனால் எப்போது வெளியே விடுவார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

சனிக்கிழமை அதிகாரி வந்து உட்கார்ந்தார். முதலாளி காகிதத்தை எடுத்தார். நான் கூப்பிடாமலே உள்ளே போய் இரண்டு தட்டையும் மேசையில் வைத்தேன்.

"ஏனுங்க, அதைக் குடுக்காதீங்க. இது நான் செஞ்ச வேலைங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. பொட்டு, துணி, சிவப்புக் குறி, பழைய இரும்புக்காரர். முதலாளி முகம் கறுத்துவிட்டது. அதிகாரி என்னை நம்பவில்லை. அவர் பார்வையில் அது தெரிந்தது. கூட வேலை செய்பவரைக் காப்பாற்ற யாரோ என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். கண்ணுக்குத் தெரியாத கறை எப்படித் தட்டில் ஓட்டை போடும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

நான் அவர்களைப் பிரேமுக்குக் கூட்டிப்போனேன். சாமி படத்துக்குக் கீழே இருந்த கிண்ணத்தில் மஞ்சளும் சந்தனமும் குழைத்தேன். முதலாளியையே கண்ணாடியில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். அவர் வைத்தார். விளக்குச் சூட்டில் காய விட்டோம். பிறகு ஈரத் துணியை அதிகாரியிடம் கொடுத்து, சுத்தமாகப் போய்விட்டது என்று உங்களுக்குத் தோன்றும்வரை துடையுங்கள் என்றேன். அவர் துடைத்தார். குனிந்து பார்த்தார். மறுபடி துடைத்தார். போச்சு என்றார்.

மருந்து பூசிய தகட்டை வைத்து விளக்கைப் போட்டேன். நாலு நிமிசம் எரிந்தது. எடுத்துத் தண்ணீரில் அலசினேன். சாயத்தில் போட்டேன். தகடு முழுக்க நீலம் ஏறியது. முதலாளி பொட்டு வைத்த இடத்தில் மட்டும் வெறும் அலுமினியம், வட்டமாக.

அதிகாரி கண்ணாடியைப் பார்த்தார். தகட்டைப் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தடவினார்.

"கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே."

"மருந்துக்குத் தெரியுதுங்க" என்றேன்.

முதலாளி அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பழைய இரும்புக்காரரை விசாரித்தார்கள். மடக்காத தட்டாகப் பொறுக்கி வாங்கிப் போகும் ஆள் ஒருவன் இருந்தான். அவன் வழியாகப் போய் அந்த மோட்டார் கட்டிய இடத்தைக் கம்பெனிக்காரர்கள் பிடித்தார்கள். அங்கே எங்கள் தட்டு இன்னும் கொஞ்சம் இருந்தது. எல்லாவற்றிலும் புள்ளி. ஆர்டர் போகவில்லை. என்னைப் பிரேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறு மாதம் குறடு பிடித்துக் கெட்ட தட்டு மடக்கினேன். அது சரிதான்.

அன்று மத்தியானமே உக்கடத்துக்குப் போனேன். முதலாளி ஆளனுப்புகிறேன் என்றார். நானே போகிறேன் என்றேன். குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பாய் கைலியோடு வந்தார். உள்ளே உட்காரச் சொன்னார். மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல். கண்ணாடி உடைந்த இடத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பிலிம். கேமராவில் வெளிச்சம் ஏறிக் கெட்டுப்போன பிலிம்கள். ஒரு எழுத்துக்கூட இல்லை, எல்லாம் வெறும் கறுப்பு. அவர் மனைவிக்குத் தை மாதத்தில் கண்ணில் ஆபரேசன். நாலு நாள் லீவு அதற்குத்தான். சாயந்திர வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் பார்த்த சுருள் அது.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சுருளைப் பற்றி முதலாளியிடம் சொன்னது நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். முடித்ததும் பாய் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தத் தட்டுப் புள்ளி, ஓரம் கூரா இருந்துச்சா, மங்கி இருந்துச்சா அம்மணி?"

மங்கி இருந்தது என்றேன். பிலிமில் ஒட்டிய தூசி மருந்தோடு ஒட்டி உட்காரும், ஓரம் கத்தி மாதிரி விழும். கண்ணாடிக் கறைக்கும் மருந்துக்கும் நடுவில் பிலிம் இருப்பதால் ஓரம் மங்கும். எனக்கும் தெரிந்ததுதான். திங்கட்கிழமை அந்த ஓரத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒருக்கா காட்டியிருந்தீங்கன்னா அன்னிக்கே சொல்லிப்போட்டிருப்பேன். யாருமே காட்டலீங்களே."

இதைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நாங்கள் அந்தத் தட்டை எல்லாரிடமும் காட்டினோம். யாரைச் சந்தேகப்பட்டோமோ அவரிடம் மட்டும் காட்டவில்லை. பிலிமைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. உங்களுக்கும் ஒருநாள் யார் மேலாவது சந்தேகம் வரும். வராமல் இருக்காது. அப்போது பொருளை அவர் கையில் கொடுத்து, இது என்ன என்று கேளுங்கள். அதற்கு முன்னால், அது உங்கள் கை வழியாகப் போனதா என்று பாருங்கள்.

பாய் திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். முதலாளி எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். பீரோ சாவியை நீட்டினார். பாய் வாங்கவில்லை. அம்மணியிடமே இருக்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருசம் ஒன்றாக வேலை செய்தோம். நன்றாகத்தான் பேசிக்கொள்வோம். உடுமலையிலிருந்து இளநீரும் வந்தது. ஆனால் பிலிம் எடுக்க வேண்டும் என்றால் அவர் பீரோவைத் தொடமாட்டார். ஒரு நாளைக்குப் பத்து தடவை என்றாலும், பீரோ எதிரில் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

"அம்மணி, கொஞ்சம் தெறந்து உடுங்க."

நான் செய்துகொண்டிருப்பதை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் திறந்து விடுவேன். அவர் எடுத்த பிலிமை என் கண்ணெதிரில் விரித்துக் காட்டிவிட்டுப் போவார். காட்ட வேண்டாம் என்று ஒரு நாளும் என்னால் சொல்ல முடியவில்லை.